மாற்று வேட்பாளர்

மணி ஒன்று பத்து. மூன்று மணிக்குள் குழந்தைவேலு வந்து வாபஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அவர் அவளுடைய புருஷன், கொடுக்காவிட்டால் அவளை எதிர்த்து நிற்கிற சுயேச்சை, இவ்வளவுதான் விசயம், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சாந்தாமணி ஆட்சியர் அலுவலகத்து இரண்டாம் மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்கிற அதே மனசுதான் விடியக்காலையிலிருந்து செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் மோர் பாக்கெட் வெதுவெதுப்பாகிவிட்டது. பக்கத்தில் கட்சி வக்கீல் இளவழகன் செல்போனில் தலையைக் கவிழ்த்திருக்கிறான். பாராளுமன்றத் தேர்தலுக்குக் கட்சி அவளை வேட்பாளர் என்று அறிவித்துப் பதினெட்டு நாள் ஆகிறது, பதினெட்டு நாளும் யாராவது சால்வை போட்டுக்கொண்டே இருந்தார்கள், இன்றைக்குத்தான் பக்கத்தில் வரவே பயந்துகொண்டு தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். இழவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்காதீங்கடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. வேட்பாளர் கத்தக் கூடாது, இதுவும் குழந்தைவேலு சொல்லிக் கொடுத்ததுதான். ஓட்டுக் கேட்கப் போகும்போது வாசல்படியில் செருப்போடு ஏறக் கூடாது, கைக்குழந்தையைக் கேட்காமல் வாங்கக் கூடாது, எவன் என்ன பேசினாலும் சிரித்த முகமாக நிற்க வேண்டும், எல்லாம் அவர் பாடம்.

டம்மி என்கிற வார்த்தையை அவள் முதன்முதலில் கேட்டதும் அவர் வாயால்தான். வேட்பாளரின் மனுவில் ஏதாவது கோளாறு என்று தள்ளிவிட்டால் கட்சி நடுத்தெருவில் நிற்கக் கூடாதே, அதற்காகக் கூடவே இன்னொருவரையும் மனுப் போட வைப்பது எல்லாக் கட்சிக்கும் உள்ள வழக்கம். காகிதத்தில் அவருக்குப் பேர் மாற்று வேட்பாளர், ஊர் வாயில் டம்மி. வேட்பாளர் மனுவை ஏற்றுக்கொண்ட மறு நிமிசமே டம்மியின் மனுவைத் தள்ளிவிடுவார்கள். ஏனென்றால் கட்சி ஆளுக்கு முன்மொழிய ஒருத்தர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், டம்மி மனுவில் எப்போதும் ஒற்றைக் கையெழுத்துதான் இருக்கும். குழந்தைவேலு நாலு தேர்தலில் நாலு பேருக்கு டம்மி. நாலு தடவையும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, என்னுதத் தள்ளிட்டாங்க, அவருது நின்னுருச்சு என்று சந்தோசமாகத்தான் சொல்வார். சந்தோசமாகத்தான் சொன்னாரா? அவள் எங்கே முகத்தைப் பார்த்தாள், அவள் காதில் எப்போதும் ஒரு போன் இருக்கும், அந்தப் பக்கம் ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற அவளுடைய ரிக் வண்டி டிரைவர் ஒருவன், நானூறு அடி போயிட்டமுங்க்கா, இன்னும் புழுதிதான் வருதுங்க்கா என்று அழுதுகொண்டிருப்பான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் குழந்தைவேலு என்றால் எந்தக் குழந்தைவேலு என்பார்கள், டம்மி குழந்தைவேலு என்றால் கை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். இந்தத் தடவை அவர் பெண்டாட்டிக்கே டம்மி. அதிலும் ஒரு குறையும் சொல்லாமல் படிவத்தையெல்லாம் தன் கையெழுத்தில் அவரே நிரப்பினார், அவளுடையதையும் அவருடையதையும்.

வியாழக்கிழமை பரிசீலனையில் ஆட்சியர் அவள் பேரை வாசித்து ஏற்கப்பட்டது என்றார். அடுத்தாற்போல் குழந்தைவேலு, மாற்று வேட்பாளர் என்று வாசித்தார். சாந்தாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டாள், அடுத்த வார்த்தை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆட்சியர் காகிதத்தைத் திருப்பினார், பக்கத்தில் இருந்த அலுவலரிடம் என்னவோ கேட்டார், அவர் விரல் வைத்து எண்ணினார். முன்மொழிவோர் பத்துப் பேர், சுயேச்சையாக ஏற்கப்பட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின் வரிசையில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான். ரெண்டு நாளாக அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்ல முடியுமா, ஒரு மாவட்டத்துக்கே மனு எழுதிக் கொடுக்கிற மனுசன், ஒற்றைக் கையெழுத்துப் போதும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆக, பத்துப் பேரைத் தேடிப் பிடித்துத்தான் வாங்கியிருக்கிறார். ஒரே வீட்டில் ஒரே தட்டத்தில் முறுக்குத் தின்றுகொண்டே வாங்கியிருக்கிறார். வெளியே வந்ததும் மாவட்டச் செயலாளர் நாச்சிமுத்து எல்லார் முன்னாலும் அவரைத் துரோகி என்று கத்தினார். குழந்தைவேலு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். மாமா என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நின்றிருப்பார். பத்திரிகைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புறம் மூன்று தடவை போன் போட்டாள், மூன்று தடவையும் அணைத்து வைத்திருந்தது, நாலாம் தடவை போடவில்லை. ஏன் போடவில்லை? பத்து வருசத்துக்கு முன்னால் சின்னராசு என்கிற மேனேஜரை இப்படித்தான் நம்பினாள், அக்கா அக்கா என்று காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தவன் ஒருநாள் ரெண்டு வண்டி ஆட்களை மொத்தமாகக் கிளப்பிக்கொண்டு போய்ச் சொந்தமாகப் போர் போட ஆரம்பித்துவிட்டான். அவன் போனும் முதலில் அணைந்துதான் கிடந்தது. அவள் மூன்று நாள் காத்திருந்தாள், வருவான் வருவான் என்று. அந்த மூன்று நாளில் போனது திரும்பவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டது, முந்திக்கொள்ள வேண்டும். ரிக் தொழிலே முந்துகிற தொழில்தான், ஒரு விவசாயிக்கு ரெண்டு ஏஜென்ட் பேசினால் எவன் வண்டி முதலில் தோட்டத்துக்குள் ஏறி நிற்கிறதோ அவனுக்குத்தான் போர், வண்டிய ஏத்தி நிறுத்து, பேச்சு அப்புறம் என்று அவள் டிரைவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அது அவளுக்கே ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாணமாகி வந்தபோது ஒரே ஒரு பழைய வண்டி. மாமனார் வாங்கிப் போட்டது, மகன் கட்சிப் போஸ்டர் ஒட்டுகிற வேலையில் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை என்று இருபத்திரண்டு வயசில் அவள் எடுத்தாள், அவ்வளவுதான் ஆரம்பம். இன்றைக்குப் பதினோரு வண்டி. திருச்செங்கோட்டு ரிக் உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவியாக ஒரு பொம்பளை வருவாள் என்று எவன் நினைத்தான். டீசல் விலைக்காகச் சங்கத்தை டெல்லிக்குக் கூட்டிப் போய் அமைச்சக வாசலில் உட்கார வைத்தாள், தெரிந்த இந்தியில் வெளுத்து வாங்கினாள், டிவியில் வந்தது. ரிக் வண்டி இந்தி என்று அவர் கேலி செய்தார். பெருமையாகத்தான் கேலி செய்தார், அந்த வீடியோவை அவர் அனுப்பாத ஆள் கிடையாது.

கட்சித் தலைமையில் வேட்பாளர் நேர்காணலுக்குப் போனதும் அவருக்காகத்தான். ஐந்தாவது தடவையாகச் சீட்டுக் கேட்டு விருப்ப மனு கொடுத்திருந்தார், துணைக்கு ஒண்ணு இருக்கட்டும் என்று அவள் பேரிலும் ஒன்று எழுதிப் போட்டிருந்தார், எல்லாரும் பெண்டாட்டி பேரில் ஒன்று போடுவார்கள், அது ஒரு கணக்கா. அவள் காரிலேயே உட்கார்ந்து ஆந்திரா வண்டிக்குப் பாறை உடைக்கிற ஹேமர் வந்துசேர்ந்ததா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போய்க் கால்மணியில் திரும்பி வந்தார், கார்க் கண்ணாடியைத் தட்டி, அம்மிணி, உன்னயக் கூப்புடறாங்க என்றார், சிரித்துக்கொண்டே. உள்ளே தலைவர், நீங்கதானா டெல்லியில் பேசினது, நிக்கறீங்களா என்று கேட்டார். அந்த ஒரு நிமிசம். அந்த நிமிசத்தை என்ன செய்தும் அவளால் தாண்டிப் போக முடியவில்லை. அவளுக்கு ஆசையாக இருந்தது, அதைச் சொன்னால் என்ன, குபுகுபுவென்று முந்நூறு அடியில் தண்ணீர் பட்ட மாதிரி சந்தோசம் பொங்கி வந்தது, நிக்கறேனுங்க என்று சொல்லிவிட்ட பிறகுதான் வெளியே ஒரு மனுசன் கட்சிக்காக முப்பத்து நாலு வருசமாக நிற்கிறார் என்பது ஞாபகம் வந்தது. முப்பத்து நாலு வருசம். கட்சிப் போராட்டத்தில் பதினோரு நாள் ஜெயில். வெளியே வந்து முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு மாமா என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார், ரோட்டில், எல்லாரும் பார்க்க, அப்படியெல்லாம் செய்கிற ஆளே கிடையாது. ஊர் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு தூங்கினார். தூங்கினாரா?

மணி ஒன்று ஐம்பத்தைந்து. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு தபால்காரர் போனார். கட்சியில்லாத ஒரு பெரியவர் கையில் படிவத்தோடு வந்து வாபஸ் வாங்கிக்கொண்டு போனார். நேற்று ராத்திரி ஐதராபாத்திலிருந்து மகள் கூப்பிட்டாள், அப்பா யார் போனிலிருந்தோ பேசினாராம், சனிக்கிழமை வந்துருவேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு, வேற ஒண்ணும் கேக்காத என்றாராம். இதை நாச்சிமுத்துவிடம் காலையில் சொன்னபோது அவர் சிரித்தார். எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க, மூணு மணி வரைக்கும் சொல்லிட்டே இருந்து மூணு மணிக்கு மேல போன எடுக்க மாட்டாங்க, நான் எத்தன பேரப் பாத்தவன் என்றார். போன தடவை கட்சி இந்தத் தொகுதியில் தோற்றது நாலாயிரம் ஓட்டில், உங்க வீட்டுக்காரர் நின்னா பத்தாயிரம் பிரிப்பாரு, பேப்பர்ல போட்டாச்சு, ஜனம் குழம்பிக் கெடக்குது, தலைமை நடவடிக்கை எடுத்தாத்தான் தெளியும், ஆனா புருஷன் பொண்டாட்டி விசயம், உங்க கடுதாசி இல்லாம தலைமை கை வைக்காது என்றார். சனிக்கிழமை வருவேன் என்றவருக்காகச் சனிக்கிழமை மூன்று மணி வரைக்கும் பொறுத்தால் என்ன என்று ஒருத்தி அவளுக்குள் கேட்டாள். வண்டிய ஏத்தி நிறுத்து என்று இன்னொருத்தி சொன்னாள். பதினோரு மணிக்கு, அவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நாலே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கை நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. பன்னிரண்டரைக்கு அறிக்கை வந்துவிட்டது, எல்லார் போனிலும் வந்துவிட்டது. கட்சிக் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் அடிப்படை உறுப்பினர் உள்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கப்படுகிறார், கட்சியினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கடைசி வரி எல்லா அறிக்கையிலும் வருகிற வரிதான், அதை ஒருத்தனும் மதிக்க மாட்டான், காலையில் நீக்கினவனோடு மத்தியானம் ஒரே மேசையில் பிரியாணி தின்பார்கள். குழந்தைவேலு மதிப்பார். அவருடைய உயிர்ச் சேக்காளியைக் கட்சி நீக்கினபோது அந்தச் சேக்காளி மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை, சாந்தாமணி மட்டும் தனியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தாள், என்ன பலகாரம் போட்டான், பொண்ணு நல்லாருந்துச்சா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார், கண் கலங்கிக் கேட்டார், போகவில்லை. அப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் அவள் அந்த வரியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வரட்டும், வந்து வாபஸ் வாங்கினால் காலைப் பிடித்துக்கொள்ளலாம். வராமலே போகட்டும், வராவிட்டால் அவள் செய்தது சரியென்றாவது ஆகும். சீ, என்ன மனசு இது.

ரெண்டு நாற்பதுக்கு இளவழகன் எழுந்து நின்றான். படியேறி வருவது குழந்தைவேலுதான். முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை, ஏனென்றால் இருபத்தெட்டு வருசத்தில் கட்சிக் கரை இல்லாத வேட்டியில் அவரை அவள் வெளியே பார்த்ததில்லை, இது வெறும் வெள்ளைக் கரை, கஞ்சி மொடமொடப்போடு மடிப்புக் கலையாத புது வேட்டி, இடுப்புக்குக் கீழே கடைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. கையில் நிரப்பிய படிவம். அவளைத் தாண்டும்போது பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார், நேராக அறைக்குள் போய்விட்டார். கூட வந்தது சுவரில் சின்னம் வரைகிற பெயிண்டர் ஆறுமுகம், பத்துக் கையெழுத்தில் ஒரு கையெழுத்து. அவன் வாசலோடு நின்றுவிட்டான். சாந்தாமணி எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள். எதுக்கு ஆறுமுகம் பத்துப் பேர் போட்டீங்க என்று கேட்டாள். ஆறுமுகம் கழுத்துத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான்.

“நாலு தடவயும் தள்ளுபடின்னே வாசிச்சாங்களாமுங்க. ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, எம்பேருக்கு நேரா ஏற்கப்பட்டதுன்னு காதுல கேட்டுட்டா போதும் ஆறுமுகம், சனிக்கிழம வாபஸ் வாங்கிப்போடறேன்னாரு. உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டாருங்க்கா. அம்மிணி சிரிச்சுப்போடும்னாரு.”

அப்புறம் அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். வியாழக்கிழமை திட்டின திட்டுக்குப் போனை அணைத்துவிட்டுப் பத்துப் பேரும் அவரைக் கொடுமுடிக்குக் கூட்டிப் போனார்களாம், ஆற்றில் குளித்தார்களாம், ரெண்டு நாளும் அவரை வேட்பாளரே என்றுதான் கூப்பிட்டார்களாம், வேட்பாளரே சோறு போதுமா, வேட்பாளரே முதுகு தேய்க்கட்டுமா. சின்னப்புள்ளயாட்டச் சிரிச்சாருங்க என்றான். இன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் எவனோ போனில் அறிக்கையைக் காட்டினானாம். ரெண்டு தடவை வாசித்தாராம். பஸ்ஸை விட்டு இறங்கி, இனி இதக் கட்டக் கூடாது என்று எதிர்த்தாற்போல் இருந்த கடையில் இந்த வேட்டியை வாங்கி உடுத்திக்கொண்டு, பழசை மடித்து ஆறுமுகத்திடம் கொடுத்துவிட்டாராம். மிச்சம் ஒன்பது பேரும் கீழே புங்க மரத்தடியில் நிற்கிறார்கள், கூட நடந்து வரக் கூடாது, எட்டத்தில் வாங்க என்று அவரே சொல்லிவிட்டாராம், இவன் மட்டும் கேட்கவில்லையாம். ஆறுமுகம் கக்கத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அந்தக் கண் மூடல், அந்தச் சிரிப்பு, அதற்கு இவ்வளவுதானா அர்த்தம், இந்த அளவு சின்ன ஆசையா ஒரு மனுசனுக்கு, இதைக்கூட எங்கிட்டச் சொல்ல முடியாதவளாகவா நான் இருந்தேன், சிரித்திருப்பேனா, சிரித்திருப்பேன், காதில் போனை வைத்துக்கொண்டே சிரித்திருப்பேன்.

அவர் வெளியே வந்தார், ஒப்புகைச் சீட்டைச் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்துக்கொண்டே. மாமா என்றாள். பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், நாச்சிமுத்துவின் ஆட்கள் யாராவது பார்க்கிறார்களா என்று, அவருக்காக இல்லை, அவளுக்காக.

“பேசாத அம்மிணி. எவ்விதத் தொடர்பும்னு போட்டிருக்குது. வேட்பாளரே மீறுனா கட்சிக்கு நல்லாருக்காது. கீழ கேமராக்காரனுக நிக்கறானுக.”

குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை, வாசல்படியில் செருப்போடு ஏறாதே என்று சொன்ன அதே குரல். குத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒரு அறை அறைந்திருந்தால் இந்த வராந்தாவிலேயே அவர் காலில் விழுந்து கிடந்திருப்பாள். அவர் ஒரு எட்டு எடுத்து வைத்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ திரும்பினார். முகம் களைத்திருந்தது, ரெண்டு நாள் தாடி வெள்ளை வெள்ளையாக இருந்தது. அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

“உன்னயக் கேக்காமயே அறிக்கையப் போட்டுட்டாங்க. எனக்குத் தெரியாதா. நீ அதுக்காக அழுதுட்டு நிக்காத, பிரச்சாரத்தப் பாரு.”

இதோ, இப்போது சொல்லிவிட வேண்டும். நான்தான் கடுதாசி கொடுத்தேன் மாமா, பதினோரு மணிக்கு, கை நடுங்காமல். நாலே வார்த்தை. ஆறுமுகம் பார்த்துக்கொண்டிருக்கிறான். இளவழகன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன்தான் அந்தக் கடுதாசிக்குப் பேப்பர் எடுத்துக் கொடுத்தவன், இப்போது தரையைப் பார்க்கிறான். அவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் ஆமாம் என்று சொல்லட்டும் என்பதற்காக மட்டும்தான் காத்துக்கொண்டிருந்தார், அதை வாங்கிக்கொண்டு போய்விட்டால் எங்கேயாவது ஒரு மூலையில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம் என்பது போல.

“ஆமாங்க மாமா,” என்றாள் சாந்தாமணி.

தலையை ஆட்டினார். புது வேட்டி சரசரவென்று படியில் இறங்குகிற சத்தம் முதல் மாடி வரைக்கும் கேட்டது. உள்ளிருந்து ஒரு அலுவலர் எட்டிப் பார்த்து, மணி மூணு ஆச்சு, சின்னம் ஒதுக்கணும், வேட்பாளர்கள் வாங்க என்று கூப்பிட்டார். இளவழகன் கதவைப் பிடித்துக்கொண்டான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.